டால்டன் டிரம்போ

டால்டன் டிரம்போ (டிசம்பர் 9, 1905 – செப்டம்பர் 10, 1976) அமெரிக்க நாவலாசிரியர், திரைக்கதையாசிரியர். 'ஜானி காட் ஹிஸ் கன்' என்னும் போர் எதிர்ப்பு நாவலுக்காகவும், 'ரோமன் ஹாலிடே', 'ஸ்பார்ட்டகஸ்' முதலிய படங்களுக்காகவும் அறியப்படுபவர். 1947-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குச் சென்ற திரைத்துறையினர் பத்துப்பேரில் ஒருவர். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பினாமிப் பெயர்களில் எழுதிப் பிழைத்தார். அப்படி எழுதியவற்றில் இரண்டு ஆஸ்கர் விருது பெற்றன. அந்த இரண்டு விழாக்களிலும் அவர் பெயர் சொல்லப்படவில்லை.

பிறப்பு, இளமை

டிரம்போ கொலராடோ மாநிலத்தின் மான்ட்ரோஸ் ஊரில் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்தின் கிராண்ட் ஜங்ஷன் என்ற சிற்றூரில். தந்தை செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். டிரம்போ உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே உள்ளூர் நாளிதழான 'டெய்லி சென்டினல்' இதழுக்குச் செய்தி எழுதினார். நீதிமன்றம், பள்ளி, இறப்புச் செய்தி என்று கிடைத்ததையெல்லாம் எழுதினார். பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்தார்.

தந்தைக்கு வேலை போனதால் குடும்பம் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1926-ல் தந்தை இறந்தார். தாயையும் இரண்டு தங்கைகளையும் காப்பாற்றும் பொறுப்பு இருபது வயது இளைஞர்மேல் விழுந்தது. ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் இரவுப் பணிக்குச் சேர்ந்தார். தற்காலிகம் என்று நினைத்துச் சேர்ந்த வேலை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நீடித்தது. இரவில் ரொட்டி, பகலில் எழுத்து. அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய 88 சிறுகதைகளும் 6 நாவல்களும் பதிப்பாளர்களால் திருப்பி அனுப்பப்பட்டன என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இரவில் விழித்திருந்து எழுதும் பழக்கம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. பிற்காலத்தில் குளியல் தொட்டியில் வெந்நீரில் அமர்ந்து, குறுக்கே ஒரு பலகையை வைத்துக்கொண்டு, சிகரெட் புகைத்தபடி விடிய விடிய எழுதுவார்.

நாவல்கள்

முதல் நாவல் 'எக்லிப்ஸ்' 1935-ல் வெளிவந்தது. வெளியிட்டது அமெரிக்கப் பதிப்பகம் அல்ல, லண்டன் பதிப்பகம். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் எல்லாவற்றையும் இழக்கும் ஒரு சிற்றூர் வணிகரின் கதை அது. ஊருக்கு அவர் செய்த நன்மைகளை ஊர் மறந்துவிடுகிறது. நாவலில் ஊரின் பெயர் ஷேல் சிட்டி. ஆனால் கிராண்ட் ஜங்ஷன் மக்கள் தங்கள் தெருவையும் தங்கள் முகங்களையும் அதில் அடையாளம் கண்டுகொண்டு கோபித்தார்கள். சொந்த ஊரைப் பற்றி எழுதும் நாவலாசிரியர்கள் எல்லா மொழிகளிலும் கொடுக்கும் விலை இது.

1936-ல் 'வாஷிங்டன் ஜிட்டர்ஸ்' என்ற அரசியல் அங்கத நாவல் வந்தது. அது சுமாரானது. அவரை நிலைநிறுத்திய 'ஜானி காட் ஹிஸ் கன்' 1939 செப்டம்பரில், இரண்டாம் உலகப்போர் தொடங்கிய சில நாட்களுக்குள் வெளிவந்தது.

நாவலின் நாயகன் ஜோ பொன்ஹாம், முதல் உலகப்போரில் குண்டடிபட்ட அமெரிக்கப் படைவீரன். கைகள் இல்லை, கால்கள் இல்லை. முகம் சிதைந்ததால் கண், காது, வாய் எதுவுமில்லை. மனம் மட்டும் முழுமையாக விழித்திருக்கிறது. மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் அவன், தோலில் படும் வெயிலின் சூட்டைக் கொண்டு விடியலை அறிகிறான். அதைக்கொண்டு நாட்களை எண்ணுகிறான். காலடி அதிர்வைக் கொண்டு செவிலியரைப் பிரித்தறிகிறான். கடைசியில் தலையைத் தலையணையில் மோதி, தந்திக் குறிகளான மோர்ஸ் முறையில் பேச முயல்கிறான். அவன் கேட்பது ஒன்றுதான். தன்னை வெளியே கொண்டுபோய் மக்களுக்குக் காட்ட வேண்டும். போர் என்றால் என்ன என்பதை அவர்கள் தன்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்கிறான். ராணுவம் மறுக்கிறது.

நாவலில் காற்புள்ளி மிக அரிது. கண்ணும் காதும் அற்ற ஒருவனின் எண்ணம் தடையின்றி ஓடுவதைக் காட்டும் உத்தி அது. வாசிக்கத் தொடங்கும்போது இடறும். இருபது பக்கங்களுக்குப் பிறகு அது நினைவில் இருக்காது. அவ்வாண்டின் மிகத் தனித்தன்மை வாய்ந்த நூல் என்று அமெரிக்கப் புத்தக விற்பனையாளர்களின் விருது இதற்குக் கிடைத்தது. மெட்டாலிகா இசைக்குழுவின் 'ஒன்' பாடல் காணொளியைப் பார்த்த இளைஞர்கள் இந்தக் கதையை ஏற்கெனவே அறிந்திருப்பார்கள். அதில் வரும் காட்சிகள் இந்நாவலின் திரைவடிவத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

இந்நூலுக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 1940-ல் கம்யூனிஸ்ட் கட்சியின் 'டெய்லி வொர்க்கர்' நாளிதழ் இதைத் தொடராக வெளியிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்கா போரில் இறங்கியதும் நூல் கிடைக்காமல் போனது. மறுபதிப்பைப் போர் முடியும்வரை நிறுத்தி வைப்பதில் டிரம்போவுக்கும் வருத்தமில்லை. அப்போது இட்லருடன் சமாதானம் பேச வேண்டும் என்று விரும்பிய தீவிர வலதுசாரிகள் சிலர், பிரதி கேட்டும் பாராட்டியும் அவருக்குக் கடிதம் எழுதினர். அவற்றைக் கண்டு கலங்கிய டிரம்போ மத்தியப் புலனாய்வுத் துறைக்குத் தகவல் கொடுத்தார். வீட்டுக்கு வந்த அதிகாரிகளின் ஆர்வம் கடிதம் எழுதியவர்கள்மேல் இல்லை, தன்மேல்தான் இருந்தது என்று பின்னாளில் அந்நாவலுக்கு எழுதிய முன்னுரையில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பிறர் பெயரைக் கொடுக்க மறுத்துச் சிறை சென்றவர், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இதைச் செய்திருக்கிறார். அவரைப் பற்றிய புகழுரைகளில் இந்தச் செய்தி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

திரையுலக நுழைவு

டிரம்போ 1934-ல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் கதை இலாகாவில் வாசிப்பாளராகச் சேர்ந்தார். நாவல்களையும் நாடகங்களையும் படித்துச் சுருக்கம் எழுதித் தருவது வேலை. அடுத்து, ஒரே சீட்டில் இரண்டு படம் காட்டிய அக்காலத்தில் இரண்டாவதாக ஓட்டப்படும் சிறு முதலீட்டுப் படங்களுக்கு எழுதினார். 1936-ல் வந்த 'ரோட் கேங்' அவர் பெயர் திரையில் வந்த முதல் படம்.

கிறிஸ்டோபர் மார்லியின் நாவலைத் தழுவிய 'கிட்டி ஃபாயில்' (1940) அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக எழுதிய 'எ கை நேம்டு ஜோ' (1943), 'தர்ட்டி செகண்ட்ஸ் ஓவர் டோக்கியோ' (1944) ஆகிய போர்க்காலப் படங்கள் பெருவெற்றி பெற்றன. முன்னதையே ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1989-ல் 'ஆல்வேஸ்' என்று மீண்டும் எடுத்தார். 1940-களின் நடுவில் டிரம்போவுக்கு வாரச் சம்பளம் 3,000 டாலர், அல்லது ஒரு திரைக்கதைக்கு 75,000 டாலர். ஹாலிவுட்டில் மிக அதிக ஊதியம் பெற்ற எழுத்தாளர்களில் ஒருவரானார். 1938-ல் கிளியோ ஃபின்ச்சரை மணந்தார். மூன்று குழந்தைகள். மலைப்பகுதியில் பண்ணைவீடு.

1941-ல் வந்த 'தி ரிமார்க்கபிள் ஆண்ட்ரூ' அவர் வாழ்நாளில் வெளியான கடைசி நாவல். அப்போது அவருக்கு வயது 35. வில்லியம் ஃபாக்னரும் பணத்துக்காகவே ஹாலிவுட்டுக்கு வந்தவர்தான். ஆனால் அவர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு மிசிசிப்பிக்குத் திரும்பி நாவல் எழுதினார். டிரம்போ திரும்பவில்லை. அவரை நாவலிலிருந்து பிரித்தது அரசு அல்ல. விசாரணைக்கு ஆறு ஆண்டுகள் முன்பே நல்ல சம்பளம் அதைச் செய்துவிட்டது.

விசாரணையும் சிறையும்

டிரம்போ 1943-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அப்போது சோவியத் ஒன்றியம் அமெரிக்காவின் போர்க் கூட்டாளி. போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. பிரதிநிதிகள் அவையின் 'அமெரிக்க விரோதச் செயல்கள் விசாரணைக் குழு' 1947 அக்டோபரில் திரைத்துறையினரை வாஷிங்டனுக்கு அழைத்தது. தலைவர் பார்னெல் தாமஸ்.

அக்டோபர் 28 அன்று டிரம்போ சாட்சிக் கூண்டில் ஏறினார். தான் எழுதிய திரைக்கதைகளைக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார். தன் எழுத்தில் தேசத்துக்கு விரோதமானது எது என்று அவற்றைப் பார்த்துச் சொல்லட்டும் என்பது அவர் வாதம். பக்கங்கள் அதிகம் என்று சொல்லித் தலைவர் அவற்றை ஏற்கவில்லை. எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினரா, கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினரா என்ற கேள்விகளுக்கு ஆம், இல்லை என்ற பதில் மட்டுமே வேண்டும் என்றது குழு. அவர் அப்படிப் பதில் தர மறுத்தார்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய சட்ட நுட்பம் ஒன்று உண்டு. அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அதைக் காட்டி மௌனமாக இருந்தால் சிறை இல்லை. ஆனால் அது குற்றம் இருப்பதாக ஒப்புக்கொள்வதுபோல் ஆகும் என்று பத்துப்பேரும் கருதினர். பேச்சுரிமையையும் கூடும் உரிமையையும் காக்கும் முதல் திருத்தத்தையே துணைக்கொண்டனர். ஒருவரின் அரசியல் நம்பிக்கையைக் கேட்கவே அரசுக்கு உரிமையில்லை என்பது அவர்கள் நிலை. கீழ் நீதிமன்றங்களில் தோற்றாலும் உச்ச நீதிமன்றம் தங்கள் பக்கம் இருக்கும் என்று நம்பினர். 1949 கோடையில் மர்ஃபி, ரட்லெட்ஜ் என்ற இரண்டு தாராளவாத நீதிபதிகள் அடுத்தடுத்து இறந்தனர். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுக்கவே நீதிமன்றம் மறுத்தது.

1950 ஜூனில் டிரம்போ சிறை சென்றார். நாடாளுமன்ற அவமதிப்புக்கு ஓராண்டுத் தண்டனை, அதில் சுமார் பத்து மாதங்கள் கென்டக்கி மாநிலத்தின் ஆஷ்லாந்து சிறையில் கழித்தார். எழுத்தறியாத கைதிகளுக்கு வீட்டிலிருந்து வந்த கடிதங்களை அங்கே வாசித்துக் காட்டினார், பதிலும் எழுதிக் கொடுத்தார். குழுவின் தலைவர் பார்னெல் தாமஸும் அதே காலத்தில் வேறொரு சிறையில் இருந்தார். அலுவலகத்தில் வேலை செய்யாதவர்களுக்குச் சம்பளம் எழுதி அந்தப் பணத்தைத் தானே எடுத்துக்கொண்ட குற்றம்.

பினாமிப் பெயர்களில் எழுதிய காலம்

1947 நவம்பரிலேயே நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் கூடிய படநிறுவன முதலாளிகள், பத்துப்பேருக்கும் இனி வேலை இல்லை என்று அறிவித்துவிட்டனர். இதுவே 'கறுப்புப் பட்டியல்' எனப்படுகிறது. இது சட்டமல்ல. அரசு ஆணையும் அல்ல. அதனால் நீதிமன்றத்தில் முறையிட்டு நீக்கவும் வழியில்லை. பட்டியலில் சேர்க்கப்பட்டோர் பல நூறு பேர் ஆயினர்.

நடிகருக்கு முகம் வேண்டும். இயக்குநர் படப்பிடிப்புத் தளத்தில் நிற்க வேண்டும். எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதிக்கு முகம் தேவையில்லை. இந்த வேறுபாட்டில்தான் டிரம்போ பிழைத்தார். சிறு தயாரிப்பாளர்களான கிங் சகோதரர்களுக்கு 'கன் கிரேஸி' (1950) படத்தை 3,750 டாலருக்கு எழுதினார். பழைய ஊதியத்தில் இருபதில் ஒரு பங்கு. திரையில் வந்தது மில்லார்ட் காஃப்மன் என்ற வேறொரு எழுத்தாளரின் பெயர். நண்பருக்கு உதவியாகப் பெயரை இரவல் தந்தவர் அவர்.

சிறையிலிருந்து வந்தபின் 1951-ல் குடும்பத்துடன் மெக்சிகோவுக்குச் சென்றார். கையிருப்பு கரைந்தது. 1954-ல் லாஸ் ஏஞ்சலிஸ் திரும்பினார். மற்ற பெற்றோர் தூண்டியதால் இளைய மகளைப் பள்ளியில் ஒதுக்கினர். தந்தையின் அரசியலுக்காக ஒரு தொடக்கப் பள்ளி மாணவி தண்டிக்கப்பட்டாள். பல ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தவன் என்ற முறையில், ஆஷ்லாந்து சிறையைவிட இந்தச் செய்தியே என்னை அதிகம் உறுத்துகிறது.

'ரோமன் ஹாலிடே' இந்தக் காலத்தின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. ஓர் இளவரசி அரண்மனைக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பி, யாரென்று சொல்லாமல் ரோம் நகரில் ஒருநாள் சுற்றித் திரியும் கதை. நண்பர் இயன் மெக்லெல்லன் ஹன்டர் தன் பெயரில் கதையை விற்று, பணத்தை டிரம்போவிடம் சேர்த்தார். ஹன்டர் தாமும் திரைக்கதையில் பணியாற்றியவர். நம் படங்களில் எழுத்துப் போடும்போது கதை, திரைக்கதை, வசனம் என்று தனித்தனியே வருவதுபோல, அக்கால ஆஸ்கரிலும் கதைக்கும் திரைக்கதைக்கும் தனித்தனி விருதுகள் இருந்தன. 1953-ஆம் ஆண்டுக்கான கதை விருது ஹன்டர் பெயருக்கு வந்தது. பெயரை மறைத்து வாழும் இளவரசியின் கதையை எழுதியவரும் பெயரை மறைத்திருந்தார் என்பது அப்போது சிலருக்கே தெரியும்.

இரண்டாவது விருதுக்குரிய படம் 'தி பிரேவ் ஒன்' (1956). தான் வளர்த்த காளை சண்டைக்களத்துக்குக் கொண்டுபோகப்படுவதைத் தடுக்கப் போராடும் மெக்சிகோச் சிறுவனின் கதை. மெக்சிகோவில் டிரம்போ பார்த்த காளைச் சண்டையிலிருந்து பிறந்தது. திரையில் வந்த பெயர் ராபர்ட் ரிச். கிங் சகோதரர்களின் மருமகன் ஒருவரின் பெயர் அது. 1957 மார்ச் மாத விழாவில் அந்தப் பெயர் அழைக்கப்பட்டபோது மேடைக்கு யாரும் வரவில்லை. எழுத்தாளர் சங்கத்தின் சார்பில் ஜெஸ்ஸி லாஸ்கி ஜூனியர் விருதைப் பெற்று, ரிச்சின் மனைவி பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருப்பதாகச் சொல்லிச் சமாளித்தார். மறுநாள் தேடினால், சங்கத்தில் அப்படி ஓர் உறுப்பினரே இல்லை.

டிரம்போ இந்த வாய்ப்பை நழுவவிடவில்லை. யார் அந்த ரிச் என்று கேட்ட பத்திரிகையாளர்களிடம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவராக இருக்கலாம், இவராக இருக்கலாம் என்று பேச்சை வளர்த்தார். நல்ல படம் எதை எடுத்தாலும் அதைத் தடை செய்யப்பட்ட எவரோ எழுதியிருப்பார் என்ற ஐயம் பரவியது. ஐயம் பொய்யுமல்ல. இலங்கையின் கித்துல்கலவில் படமாக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் திரைக்கதை விருது 1958-ல் மூலநாவலாசிரியரான பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரருக்குப் போனது. எழுதியவர்கள் பட்டியலில் இருந்த கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும். கறுப்புப் பட்டியல் கொடுமை என்று சொல்லிப் பலர் எதிர்த்தனர். அது கேலிக்குரியது என்று காட்டியது டிரம்போவின் வழி. தடைபட்டோருக்கு விருதில்லை என்ற தன் விதியை ஆஸ்கர் அகாதமி 1959 ஜனவரியில் நீக்கியது. அதையடுத்து ராபர்ட் ரிச் தானே என்று டிரம்போ அறிவித்தார்.

பெயர் திரும்புதல்

1960 ஜனவரியில் இயக்குநர் ஆட்டோ பிரமிஞ்சர் தன் 'எக்ஸோடஸ்' படத்தை எழுதுபவர் டிரம்போ என்று வெளிப்படையாக அறிவித்தார். நடிகரும் தயாரிப்பாளருமான கிர்க் டக்ளஸ் 'ஸ்பார்ட்டகஸ்' படத்துக்கு அவரை ஏற்கெனவே சாம் ஜாக்சன் என்ற புனைபெயரில் எழுத வைத்திருந்தார். அந்தப் படத்திலும் டிரம்போவின் பெயரே போடப்படும் என்று முடிவாயிற்று. 'ஸ்பார்ட்டகஸ்' 1960 அக்டோபரிலும் 'எக்ஸோடஸ்' டிசம்பரிலும் வெளியாயின. பட்டியலை உடைத்தவன் நானே என்று டக்ளஸ் பிற்காலத்தில் ஒரு நூலே எழுதினார். முதலில் அறிவித்தவர் பிரமிஞ்சர் என்பது பதிவான செய்தி. உண்மையில், பத்தாண்டுக்கு மேலாக மலிவு விலைக்கு இரவும் பகலும் எழுதி, தன்னைத் தவிர்க்க முடியாதவராக டிரம்போ ஆக்கிக்கொண்டதால்தான் இருவருக்கும் அந்தத் துணிச்சல் பயன்பட்டது.

'ஸ்பார்ட்டகஸ்' படத்தில் தோற்ற அடிமைகளிடம் ரோமானியர் ஒரு பேரம் பேசுகிறார்கள். தலைவனை அடையாளம் காட்டினால் உயிர்ப்பிச்சை. ஒவ்வொருவராக எழுந்து அந்தப் பெயர் தன்னுடையது என்கிறார்கள். பெயர்களைச் சொல் என்று கேட்ட குழுவின் முன் நின்றவர் எழுதிய படத்தில் இக்காட்சி வருவதைத் தற்செயல் என்று கொள்ள முடியாது. மூலநாவலை எழுதிய ஹோவர்ட் ஃபாஸ்டும் அதே குழுவால் சிறை சென்றவரே. போராட்டக்காரர்கள் படத்தைப் புறக்கணிக்கச் சொல்லித் திரையரங்குகளின் முன் நின்றனர். 1961 தொடக்கத்தில் குடியரசுத் தலைவர் கென்னடி அவர்களைக் கடந்து சென்று படம் பார்த்தார்.

பிற்காலம்

பெயர் திரும்பியபின் எழுதியவற்றில் 'லோன்லி ஆர் தி பிரேவ்' (1962) சிறந்தது. எட்வர்ட் ஆபியின் நாவலைத் தழுவியது. முதல் வரைவே திருத்தமின்றிப் படமாக்கப்பட்டது என்று கிர்க் டக்ளஸ் கூறியிருக்கிறார். 'தி சாண்ட்பைப்பர்' (1965), 'ஹவாய்' (1966) பெரிய முதலீட்டுப் படங்கள். அவற்றில் டிரம்போவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். 'பாப்பியோன்' (1973) படத்தின் திரைக்கதையில் பங்காற்றியதோடு, சிறை அதிகாரியாக ஒரு சிறு வேடத்தில் நடிக்கவும் செய்தார்.

1970-ல் எழுத்தாளர் சங்கத்தின் லாரல் விருதைப் பெற்றபோது அவர் ஆற்றிய உரை இன்றும் விவாதிக்கப்படுகிறது. அந்த இருண்ட காலத்தில் நாயகர், வில்லன் என்று தேட வேண்டாம், எல்லோருமே ஏதோ வகையில் பாதிக்கப்பட்டவர்கள்தான் என்ற கருத்தில் பேசினார். அவரோடு சிறை சென்ற பத்துப்பேரில் ஒருவரான நாவலாசிரியர் ஆல்பர்ட் மால்ட்ஸ் இதைக் கடுமையாக மறுத்தார். நண்பர்களின் பெயரைச் சொல்லி வேலையைக் காப்பாற்றிக்கொண்டவரும், சொல்லாமல் வேலையை இழந்தவரும் எப்படி ஒன்றாவர் என்று கேட்டார். இருவருக்கும் இடையே நீண்ட கடிதப் போர் நடந்தது. மால்ட்ஸின் கேள்விக்கு டிரம்போ நிறைவான பதில் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அறுபத்தைந்து வயதில் டிரம்போ 'ஜானி காட் ஹிஸ் கன்' நாவலைத் தானே இயக்கிப் படமாக்கினார். அவர் இயக்கிய ஒரே படம் அது. மருத்துவமனைக் காட்சிகள் கறுப்பு வெள்ளையில், நினைவும் கனவும் வண்ணத்தில். 1971 கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. வசூல் இல்லை. நாவலின் வலிமை முழுதும் ஜோவின் மனத்துக்குள்ளே இருப்பது. வெளியிலிருந்து அந்த உடலைக் காட்டத் தொடங்கியதும் அதில் ஒரு பகுதி நழுவிவிடுகிறது. முப்பது ஆண்டுகள் திரைக்கு எழுதியவருக்கும் தன் நாவலை முழுதாகத் திரைக்குக் கொண்டுவர முடியவில்லை.

ஒரு நாஜியின் குரலிலேயே சொல்லப்படும் 'நைட் ஆஃப் தி ஆராக்ஸ்' என்ற நாவலை அவர் நெடுங்காலம் எழுதிவந்தார். அது முடியவில்லை. கிடைத்த பகுதிகளும் குறிப்புகளும் 1979-ல் நூலாயின.

மறைவும் அதன் பின்னும்

1975 மே மாதம் 'தி பிரேவ் ஒன்' படத்துக்கான ஆஸ்கர் சிலையை அகாதமியின் தலைவர் வால்டர் மிரிஷ் டிரம்போவிடம் நேரில் வழங்கினார். நுரையீரல் புற்றுநோயால் அவர் அப்போது தளர்ந்திருந்தார். 1976 செப்டம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மாரடைப்பால் காலமானார்.

'ரோமன் ஹாலிடே' விருதை அகாதமி 1993-ல் அவர் மனைவி கிளியோவிடம் அளித்தது. ஒரு காலத்தில் அவர்மேல் கோபப்பட்ட கிராண்ட் ஜங்ஷன் ஊரின் கடைவீதியில், குளியல் தொட்டியில் அமர்ந்து எழுதும் அவரது சிலை 2007-ல் வைக்கப்பட்டது. பிரையன் கிரான்ஸ்டன் டிரம்போவாக நடித்த 'டிரம்போ' திரைப்படம் 2015-ல் வந்தது.

விருது கொடுக்கப்பட்டபின்னும் 'ரோமன் ஹாலிடே' திரைக்கதைக்கான அதிகாரபூர்வ உரிமைப் பதிவில் அவர் பெயர் இல்லாமலே இருந்தது. டிரம்போவின் மகனும் ஹன்டரின் மகனும் சேர்ந்து எழுத்தாளர் சங்கத்தை அணுகினர். படம் வெளிவந்து 58 ஆண்டுகள் கழித்து, 2011 டிசம்பரில், சங்கம் அந்தப் பதிவைத் திருத்தி டால்டன் டிரம்போ என்ற பெயரைச் சேர்த்தது.